கடித்த இடம் ஆறிய பிறகு

எங்கள் கடுவன் பூனை பயலைக் கடித்த பூனையை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருந்தால், பின்கழுத்தில் ஒரு காயம், மஞ்சளைக் குழைத்து வைத்தோம், ஆறிவிட்டது என்று அது போயிருக்கும். எங்கள் சந்தில் கடிபடாத கடுவன் எது.

துணி காயப்போட மாடிக்குப் போனபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டும் உருண்டுகொண்டிருந்தன. வந்த பூனை செம்பட்டை நிறம். தலை மட்டும் பெரிதாக, உடம்பு ஒட்டிப்போய், வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கியது. வாளியைத் தட்டியதும் பயலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. ஓடவில்லை. மெதுவாகச் சுவரேறிப் போனது. ஓடுகிற தெம்பு அதற்கு இல்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எச்சில் ஒழுகுகிற, தெம்பில்லாத ஒன்று எங்கள் பயலைக் கடித்திருக்கிறது. அதற்கப்புறம் கையில் இருந்த துணி ஒன்றையும் ஒழுங்காகக் கொடியில் போடவில்லை.

எங்கள் வீடு பெங்களூர் விவேக் நகரில் ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் துவைக்கிற கல். ஹாலில் என் தையல் மிஷின். ரவிக்கை தைப்பேன், சேலைக்கு ஃபால்ஸ் பிகோ அடிப்பேன், சர்ச்சில் முதல்முறை நற்கருணை எடுக்கிற, புதுநன்மை வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளை சாட்டினில் கவுன் தைப்பேன். வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். பிள்ளைகள் கிடையாது. பூனைகள் இரண்டு இருந்தன. பெரியவள் முழு வெள்ளை. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, மழைக்கு வேனுக்கடியில் ஒதுங்கியவளை அவர்தான் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். வெளியே போகமாட்டாள். கவுன் துணி மேல் படுத்தாலும் முடி தெரியாது என்பதால் அவளை நான் விரட்டியதே இல்லை. பயல் வரிப்பூனை. பின்னால் வந்தவன். குட்டியாக வந்த அன்றைக்கே அவள் வயிற்றில் போய் ஒட்டிக்கொண்டான். அவள் பெற்றவள் இல்லை, பால் கிடையாது, ஆனாலும் சப்புவான், அவளும் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். கடுவனாக வளர்ந்து, மூன்று மாடி தாண்டிப் போய்ச் சண்டை போட்டு வருகிறவன் ஆன பிறகும் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முன்னால் தலையைக் குனிவான். அவள் நக்கிவிடுவாள். ஒரே தட்டில் தின்பார்கள்.

அவனுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடச் சொல்லி மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். வீட்டுக்காரர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பாவம், ஆம்பளப் பையன், அவனை ஏன் கெடுக்கணும் என்பார். தன்னைச் செய்யச் சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

கடிபட்ட மறுநாள் காலை, ஸ்கூல் டிரிப் முடிந்ததும், காய்கறிக் கூடை இரண்டைக் கவிழ்த்துக் கட்டி அதற்குள் பயலை வைத்து வேனில் கொண்டுபோனோம். எனக்கு வெறிநோய் பயம். இரவெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கன்னடக்காரர், எங்கள் பக்கத்து ஆட்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். காயத்தைச் சுற்றி முடியை மழித்து, ஆழத்தைப் பார்த்து, ஊசி போட்டார். வெறிநோய்க்குப் போன வருஷமே போட்டிருக்கிறது, இன்றைக்கு இன்னொன்றும் போட்டாச்சு, அதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார். அப்புறம் கடித்த பூனை எப்படி இருந்தது என்று கேட்டார். எச்சில், மெலிவு, எல்லாம் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“நோடிம்மா, இங்க பாருங்க, ரெண்டு மாசம் கழிச்சு இவனை ஒரு பிளட் டெஸ்ட்டுக்குக் கொண்டு வாங்க. மனுஷங்களுக்கு எச்.ஐ.வி இருக்குல்ல, அது மாதிரி பூனைக்கு ஒண்ணு இருக்கு. கடிச்சுத்தான் பெரும்பாலும் பரவும். உங்களுக்கு வராது.”

உங்களுக்கு வராது என்றதை அவர் அழுத்தித்தான் சொன்னார். என் காதில் அதற்கு முன்னால் சொன்னதுதான் நின்றது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யாராவது படித்தவர்கள் ஒரு விஷயத்தைச் சொன்னால், இவ்வளவுதானா, இன்னும் பாதியை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறார்களா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். ரெண்டு மாசம் ஏன், இப்போதே பாருங்கள் என்றேன். இப்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது என்றார். இருந்தாலும் பாருங்கள் என்றேன். வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லி, பொறுமையாகவே விளக்கினார். இந்த டெஸ்ட் அந்தக் கிருமியைத் தேடுவதில்லை. கிருமி உள்ளே வந்தால் உடம்பு அதோடு சண்டை போட ஒன்றைத் தயார் பண்ணும்; ரத்தத்தில் அது இருக்கிறதா என்றுதான் பார்க்கும். உடம்பு அதைத் தயார் பண்ணவே வாரக்கணக்காகும். நேற்றுக் கடித்ததற்கு இன்றைக்கு என்ன பதில் இருக்கும். கிருமியையே தேடுகிற டெஸ்ட்டும் உண்டு, வெளியே லேபுக்கு அனுப்ப வேண்டும், அதுவும் சில சமயம் தப்பவிடும். எதுவானாலும் நாள் ஆகவேண்டும்.

எல்லாம் புரிந்தது. புரிந்த பிறகும், பார்த்துவிடுங்கள் என்றேன்.

கடைசியில் அவர், சரி, கடிக்கு முன்னாலேயே இருந்ததா இல்லையா என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று ரத்தம் எடுத்தார். கொரோனாவுக்குப் பார்த்த மாதிரியே சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக். இரண்டு சொட்டு விட்டு மேஜையில் வைத்தார். பத்து நிமிஷம் என்றார். ஒரு கோடு வந்தது. இன்னொன்று வருமா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அப்படிக் குனிந்து நிற்பது எனக்குப் பழக்கம்தான். அந்தக் காலத்தில் பாத்ரூமில் நின்று, இரண்டாவது கோடு வந்துவிடாதா என்று வெளிச்சத்துக்குத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறேன். இந்த முறை வரக்கூடாது என்று பார்த்தேன். வரவில்லை.

“இதுக்கு இப்ப அர்த்தம் இல்லம்மா,” என்றார் டாக்டரம்மா. “இது நேத்து வரைக்கும் இருந்த கதை.”

வேனில் ஏறியதும் வீட்டுக்காரர் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் பாட்டைப் போட்டார். நெகடிவ், முடிந்தது என்றார். மாடி வீட்டு அக்காவிடமும், பால் பூத்திலும், பயலுக்கு டெஸ்ட் எடுத்தோம், ஒன்றுமில்லை என்று சொன்னார். நல்லவேளை, என்ன டெஸ்ட் என்று சொல்லவில்லை. அதை நான் சொல்லவிடவில்லை. எங்கள் சந்தில் பூனைக்கு எய்ட்ஸ் என்று ஒரு பேச்சு கிளம்பினால், நாளைக்கு எவள் என்னிடம் ரவிக்கைத் துணியைக் கொடுப்பாள். மனுஷனுக்கு வராது என்று நான் யார் யாருக்கு விளக்கிக்கொண்டிருப்பது. எனக்கே ஒருவர் உட்கார்த்தி வைத்து விளக்க வேண்டியிருந்தது.

இரண்டையும் பிரித்து வைக்க வேண்டுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன். சண்டை போடாத பூனைகள் என்றால் பரவுவது அபூர்வம், ஆனால் ரிசல்ட் தெரிகிறவரை தனித்தனியாக வைக்க முடிந்தால் நல்லது என்றார். முடிந்தால் என்பதை நான் விட்டுவிட்டேன். நல்லது என்பதைப் பிடித்துக்கொண்டேன். ஒரே தட்டு, ஒரே தண்ணீர்க் கிண்ணம், தலையை நக்குவது, காதை நக்குவது. காயத்துக்குப் பக்கத்திலேயே அவள் நாக்கு போகும்.

சமையலறைக்கு எங்கள் வீட்டில் கதவு கிடையாது, வெறும் திரைச்சீலைதான். வீட்டுக்காரர் பழைய பிளைவுட் பலகை ஒன்றைக் கீல் வைத்து அடித்துக் கொடுத்தார். அடிக்கும்போது ஆணியைவிட அதிகமாக என்னை முறைத்தார். பெரியவள் என்னோடு சமையலறையில், பயல் அவரோடு ஹாலில் என்று ஆனது. தனியாக விட்டால் இரண்டும் கத்தும் என்பதால் ராத்திரி நான் அடுப்பு மேடைக்குக் கீழே பாயைப் போட்டேன். அவர் ஹாலில்.

“இருபத்தஞ்சு வருஷத்துல உங்கம்மா செத்தப்பகூட நீ தனியா படுத்ததில்ல,” என்றார் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து. “பூனைக்காக டைவர்ஸா?”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். கொஞ்சம் வருத்தமும் இருந்தது. அவருக்கு நாங்கள் படுத்துக்கொண்டே பேசுகிற பழக்கம். அன்றைக்கு எந்த சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றார், எந்தப் பிள்ளை வேனில் வாந்தி எடுத்தது, எல்லாம் விளக்கை அணைத்த பிறகுதான் சொல்வார். பலகைக்கு மேலாகக் கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார்.

பலகைக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. பூனைகள் இரண்டும் அதைக் கண்டுபிடித்துவிட்டன. அவள் இந்தப் பக்கம் படுத்துக் காலை நுழைப்பாள், அவன் அந்தப் பக்கமிருந்து அதன்மேல் காலை வைப்பான். சும்மா வைத்துக்கொண்டு கிடப்பார்கள். நான் போய்ப் பழைய துணியைச் சுருட்டி அந்த இடைவெளியை அடைத்தேன். அவன் அதைப் பிய்த்து எடுத்தான். மறுபடி அடைத்தேன்.

காயம் ஆறியது. முடி முளைத்துவிட்டது. எந்த இடம் என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் பயலுக்கு உடம்புக்கு வந்தது. சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்தான். காது சுட்டது. வீட்டுக்காரர் பனி என்றார். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பட்டாணி அளவுக்கு ஏதோ உருண்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா தாடை, தோள், பின்னங்கால் மடிப்பு என்று விரலால் தேடிப் பார்த்தார். ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருக்கிறது என்றார். அதுவாக இருந்தால் இதுதான் ஆரம்பம். ஆனால் வேறு எத்தனையோ காய்ச்சலும் இப்படித்தான் இருக்கும். இப்போது டெஸ்ட் எடுத்தால் காட்டினாலும் காட்டும், காட்டாமலும் போகும், காட்டாவிட்டால் மறுபடி நீங்கள் அதை நம்பலாமா கூடாதா என்று தவிப்பீர்கள், இரண்டு மாதம் முடியட்டும் என்றார். என்னைப் பற்றி அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. மருந்து கொடுத்தார். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: அதுவாக இருந்தாலும் சில நாளில் காய்ச்சல் விட்டுவிடும், கட்டி கரையும், பூனை பழையபடி ஆகிவிடும், பல வருஷம் ஒன்றுமே தெரியாமல் நன்றாக இருக்கும்.

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் பயல் எழுந்து, சோம்பல் முறித்து, மத்தி மீன் தலையைக் கடகடவென்று மென்று தின்றபோது, வீட்டுக்காரர் பார்த்தியா என்று சந்தோஷப்பட்டபோது, நான் அவன் தாடைக்குக் கீழே தடவிப் பார்த்தேன், கட்டியும் கரைந்திருந்தது. காய்ச்சலோடு கிடந்திருந்தால்கூட வேறு காய்ச்சல் என்று நினைத்திருப்பேன். அவன் நன்றாகிவிட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த நாட்களில் என் கண் முழுக்க பயல் மேல்தான். மிஷின் ஓட்டும்போதும் ஒரு கண் அவன் தட்டில் இருக்கும். ஈறு சிவந்திருக்கிறதா, எச்சில் வருகிறதா, கண்ணில் பீளை கட்டுகிறதா. என்னோடு சமையலறையில் படுக்கிறவள் ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பதை நான் கேட்டேன். நாக்குச் சத்தம் நன்றாகக் கேட்கும். அடுப்புப் பக்கம் சூடு, அதனால் தாகம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஒன்றுக்குப் போகிற மண் தட்டு சீக்கிரம் நனைந்துபோனது. ரேஷன் அரிசியை வேகவைத்துக் கோழிக்குடல் போட்டால் தட்டை நக்குகிறவள் பாதியில் வைத்தாள். பிரித்து வைத்த ஏக்கம் என்று நினைத்தேன். ஒருநாள் காலை அவளைத் தூக்கினேன். சாட்டின் துணியைத் தூக்கின மாதிரி இருந்தது. முதுகெலும்பு விரலுக்கு ஒவ்வொன்றாகக் கிடைத்தது.

உடனே எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா. அந்த இரண்டு விரல் இடைவெளி. அது வழியாக வந்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன், இவளுக்கும் பாருங்கள் என்று. அவர் பெரியவளின் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். வாயைத் திறந்து முகர்ந்தார். ரத்தம் எடுத்து, எனக்காக அந்த டெஸ்ட்டையும் போட்டார். ஒரு கோடுதான். அதைப் பார்த்து நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை. மற்ற ரத்த ரிப்போர்ட் வந்ததும் வீட்டுக்காரரைப் பார்த்து ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொல்லப்போய், நிறுத்தி, என் பக்கம் திரும்பினார்.

கிட்னி என்றார். வயசான பூனைகளுக்கு வருவதுதான், ரொம்ப நாளாகவே உள்ளே நடந்திருக்கும், யாராலும் தடுத்திருக்க முடியாது. தோலுக்கடியில் சலைன் ஏற்றலாம், கொஞ்சம் தெம்பு வரும், அவ்வளவுதான். நான் தலையாட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அப்படியென்றால் பயலின் ரிசல்ட் வரும்வரை இவளை இன்னும் ஜாக்கிரதையாகத் தனியாக வைக்கிறேன், இந்த நிலைமையில் அதுவும் வந்துவிட்டால் என்ன பண்ணுவது என்றேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மடித்தார். பெரியவளின் தலையில் கை வைத்திருந்தார்.

“அம்மா, அந்த நோய் உள்ளே போய் வேலை காட்ட வருஷக்கணக்காகும்,” என்றார். “இவளுக்கு அவ்வளவு நாள் இல்ல.”

வீட்டுக்கு வந்தோம். அவர் மத்தியான டிரிப்புக்குக் கிளம்ப வேண்டும். பெரியவளைக் கூடையோடு ஹாலில் வைத்துவிட்டு நின்றார். பலகையைத் திறக்கவா என்று கேட்டார். திறந்துவிட்டு அது வந்துவிட்டால் என்று வாய்வரை வந்தது. வந்தால் என்ன, எப்போது வந்து, எப்போது என்ன ஆகும் என்று முதல்முறையாக நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். கணக்கு எங்கேயும் போய் நிற்கவில்லை. ஆனாலும் பலகைப் பக்கம் போகவில்லை. அவரிடம், நீங்க போங்க, பிள்ளைங்க ரோட்டுல நிக்கும் என்றேன்.

அவர் போன பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கீலைக் கழற்றினேன். திறந்து வைத்தால் மறுபடி மூடிவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். பலகையைத் தூக்கிப் பின்னால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டு வந்தேன்.

கூடையை அவிழ்த்துப் பெரியவளை வெளியே விட்டேன். பாய்ந்து கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பயல் வந்து அவள் வாயை முகர்ந்தான். ஆஸ்பத்திரி வாசனை போல, பின்வாங்கினான். அவள் பலவீனமாக ஒருமுறை சீறினாள். அவன் போய் ஜன்னலில் ஏறி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா, இவ்வளவு நாள் காலைக் காலை நீட்டினீர்களே என்று எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது. நான் மிஷினில் உட்கார்ந்து ஒரு கவுனுக்கு லேஸ் வைத்தேன். இரண்டு கை லேஸும் முடித்துத் திரும்பினால், அவன் இறங்கி வந்து அவள் முன்னால் படுத்து, தலையைக் குனிந்து வைத்திருந்தான். அவள் நக்க ஆரம்பித்திருந்தாள். நாலு தரம் நக்குவாள், களைத்துப்போய் நாக்கை வெளியிலேயே வைத்துக்கொண்டு நிறுத்துவாள். அவன் அசையாமல் காத்திருப்பான். மறுபடி நக்குவாள்.

அப்படியே சில வாரம் போனது. தோலைத் தூக்கிப் பிடித்து ஊசி நுழைக்க நானே கற்றுக்கொண்டேன். துணியில் ஊசி நுழைத்த கைதானே, நடுங்காது என்று டாக்டரம்மா சொன்னார். நடுங்கவும் இல்லை. ராத்திரி நாலு பேரும் ஹாலில் படுத்தோம். வீட்டுக்காரர் மறுபடி சிக்னல் கதை சொன்னார்.

அவள் ஒரு மத்தியானம் போய்விட்டாள். பயலின் வயிற்றில் முதுகை வைத்துப் படுத்திருந்தாள். நான் டீ போட எழுந்தபோது மூச்சு இருந்தது. திரும்பி வந்தபோது பயல் மட்டும் எழுந்து, தள்ளி உட்கார்ந்திருந்தான். அதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆனேக்கல் பக்கம் என் நாத்தனார் வீட்டில் கொஞ்சம் மண் இருக்கிறது. வேனில் கொண்டுபோனோம். நாத்தனார் எங்களைப் பார்த்து, கூடையைப் பார்த்து, மனுஷங்களுக்கே பெங்களூர்ல புதைக்க இடமில்ல, இதுக்கு வேன் வெச்சு வந்திருக்கீங்களே என்றார். சொல்லிவிட்டு அவரே கடப்பாரையை எடுத்துக்கொடுத்தார். வீட்டுக்காரர் குழி தோண்டும்போது, இன்னும் ஆழமா போடு, நாய் தோண்டிடும் என்று நாத்தனார்தான் கூடவே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். புதுநன்மை கவுனில் மிச்சம் விழுந்த சாட்டினில் அவளைச் சுற்றியிருந்தேன். வெள்ளையில் வெள்ளை. எது துணி எது அவள் என்று தெரியவில்லை.

இரண்டு மாதம் முடிந்திருந்தது. நான் டெஸ்ட்டைப் பற்றிப் பேசவே இல்லை. வீட்டுக்காரர்தான், கூட்டிட்டுப் போகணுமில்ல என்றார். இனி எதற்கு என்று எனக்கு இருந்தது. யாரைக் காப்பாற்றத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் கூடையைக் கட்டினோம்.

அதே மேஜை, அதே மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக். இந்த முறை நான் குனிந்து பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர்தான் குனிந்து நின்றார். எந்த நேரமும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்கிறவர். அவர் நிமிரவே இல்லை. டாக்டரம்மா அவர் தோள் பக்கம் எட்டிப் பார்த்து, ரெண்டு கோடு, என்றார். லேசாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது. உறுதிக்கு லேபுக்கும் அனுப்பினார். அதுவும் அப்படியே வந்தது.

வீட்டுக்காரர் வேனில் ஏறிப் பாட்டும் போடவில்லை, வண்டியும் எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நான்தான் ஆபரேஷன் வேண்டாம்னேன், என்றார். சண்டைக்குப் போயிருக்க மாட்டான் இல்ல. ஆபரேஷன் பண்ணியும் சண்டைக்குப் போகிற பூனை இருக்கிறது என்றேன். இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஜென்மத்தில் முதல்முறையாக அவர் பயந்து நான் சமாதானம் சொன்னேன்.

ஆபரேஷன் நடந்தது. ஜன்னலுக்கு வலை அடித்தோம். பயல் வெளியே போவதில்லை, போகவிடுவதில்லை. தின்கிறான், கொழுத்திருக்கிறான், முடி மின்னுகிறது. வருகிறவர்கள் எல்லாம் எப்படி வளர்த்திருக்கே என்கிறார்கள். டாக்டரம்மா சொன்னபடி வருஷங்கள் இருக்கலாம். எத்தனை என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் மாடி வீட்டு அக்கா ஆப்பிள் அட்டைப்பெட்டியோடு படியிறங்கி வந்தார். உள்ளே, மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏதோ பூனை போட்ட குட்டிகளில் ஒன்று. வெள்ளை. முழு வெள்ளை இல்லை, காதில் கொஞ்சம் கறுப்பு. பயல் தனியா கிடக்கானே, பழைய மாதிரி ஜோடியா இருக்கட்டும்னு உனக்குத்தான் எடுத்து வெச்சேன் என்றார். அவர் நல்ல மனசோடுதான் வந்தார்.

பயல் ஹாலிலிருந்து எழுந்து வந்தான். பெட்டிக்குள் தலையை விட்டான். குட்டி முதுகை வளைத்து, உள்ளங்கை அளவு உடம்போடு அவனைப் பார்த்துச் சீறியது. அவன் நகரவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே படுத்தான். கொஞ்ச நேரத்தில் குட்டி அட்டை ஓரத்தில் காலை வைத்து ஏறி அவனைப் பார்த்தது.

“வேணாம்க்கா,” என்றேன். “எடுத்துட்டுப் போங்க.”

“ஏன், என்ன குறைச்சல் இதுக்கு?”

குறை அதற்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். சண்டை போடாவிட்டால் பரவுவது அபூர்வம் என்று டாக்டரம்மா சொன்னதையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கலாம். அபூர்வம் என்றால் நடக்கவே நடக்காது என்று அர்த்தமில்லையே. கவுன் துணியில் முடி ஒட்டுகிறது, கஸ்டமர் திட்டுகிறார்கள், ஒன்றே போதும் என்று ஏதோ சொன்னேன். பெரியவள் இருந்த வரை ஒட்டாத முடியா இப்ப ஒட்டுது என்று அக்கா கேட்டார். நான் பெட்டியின் மடிப்புகளை மூடி அவர் கையில் கொடுத்தேன். ஒரு உசுரு செத்ததும் உனக்கு மனசு கல்லாயிடுச்சு என்று சொல்லிக்கொண்டே படியேறினார். செருப்புச் சத்தம் வேண்டுமென்றே பலமாகக் கேட்டது.

நான் கதவைச் சாத்தினேன். பயல் வந்து கதவடியில் மூக்கை வைத்து முகர்ந்தான். ரொம்ப நேரம் முகர்ந்துகொண்டே இருந்தான். தைக்க வேண்டிய துணி மிஷினில் கிடந்தது. அவனாக அந்த இடத்தை விட்டு வரட்டும் என்று நான் மிஷினை ஓட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.